ஐரோப்பியக் கொலைத் தொடர்களைப் பார்த்துத் திட்டுகிறவனிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் ஒரு எபிசோட் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். டென்மார்க், ஸ்வீடன், ஐஸ்லாந்து, ஜெர்மனி, பிரான்ஸ், இங்கிலாந்து என்று எங்கே பிணம் விழுந்தாலும் நாங்கள் ஆஜர். பார்க்கும்போது என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. அதனால் மனைவி, மச்சான், ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர் என்று ஆளுக்கு ஆள் ஒரே கேள்விகளையே கேட்கிறார்கள். ஒருதரம் எழுதி வைத்துவிட்டால் என் தொண்டை மிஞ்சும். ஓர் எச்சரிக்கை: சில பழைய தொடர்களின் முடிச்சு இதில் அவிழும். அவிழ்ப்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்.

இவ்வளவு திட்டுகிறீர்களே, அப்புறம் ஏன் பார்க்கிறீர்கள்?

'தி கில்லிங்' கெடுத்த கேடு. அமெரிக்கக்காரர்கள் எடுத்ததைச் சொல்லவில்லை. 2007இல் டென்மார்க்கின் பொதுத் தொலைக்காட்சியில் வந்த அசல். கோபன்ஹேகனில் ஒரு பள்ளி மாணவி கொல்லப்படுகிறாள். ஒரே கொலை, 20 எபிசோட், ஒரு எபிசோடுக்கு விசாரணையில் ஒரு நாள். கேட்டால் ஜவ்வு மாதிரி இழுப்பார்கள் என்றுதான் தோன்றும். ஆனால் அவர்கள் அந்த நேரத்தை எதில் செலவழித்தார்கள் என்று பாருங்கள். வழக்கமான தொடரில் பெற்றோர் முதல் எபிசோடில் கதறிவிட்டுக் காணாமல் போவார்கள், கடைசியில் கல்லறையில் பூ வைக்க வருவார்கள். இதில் வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் தொழில் செய்கிற அந்த அப்பாவும் அவர் மனைவியும் 20 எபிசோடும் நம் கூடவே இருக்கிறார்கள். இரண்டு சின்னப் பையன்களிடம் அக்கா இல்லை என்பதை எப்படிச் சொல்வது, அன்றாடச் செலவுக்கு என்ன வழி என்று ஒவ்வொன்றாக வருகிறது. துப்பறியும் சாரா லுண்ட் போட்டிருந்த அந்தக் கம்பளி ஸ்வெட்டர் பிரிட்டனில் ஃபேஷனாகிப் போனது வேறு கதை.

ஒருதரம் நல்ல பிரியாணி சாப்பிட்டவன், அடுத்த கடையிலும் அப்படித்தான் இருக்கும் என்று போய் உட்காருவான் இல்லையா? அதே கதைதான்.

உங்களுடைய முக்கியமான குறை என்ன? ஒரே வரியில் சொல்லுங்கள்.

வழக்கு நீள்வதற்குக் குற்றவாளியின் சாமர்த்தியம் காரணமாக இருக்க வேண்டும். போலீஸின் மக்குத்தனம் காரணமாக இருக்கக் கூடாது.

ஒரே வரி போதாது, ஒரு காட்சியைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், பத்துத் தொடரிலாவது இது உண்டு. ராத்திரி ஒன்பது மணி. கடலோரச் சிற்றூர். நூலகத்தில் வேலை பார்க்கும் ஓர் அம்மா இன்ஸ்பெக்டருக்கு போன் செய்கிறார். "அன்றைக்குப் படகுத்துறையில் பார்த்தது யாரை என்று ஞாபகம் வந்துவிட்டது." இன்ஸ்பெக்டர், "யார்?" என்கிறார். "போனில் வேண்டாம். நேரில் வாருங்கள்." சரி என்று இன்ஸ்பெக்டர் கிளம்புகிறார். ஸ்டேஷனில் ஒருவரிடமும் சொல்லவில்லை. நாற்பது நிமிடம் கார் ஓட்டுகிறார். மேலேயிருந்து ட்ரோனில் காட்டுகிறார்கள், மரம், பனி, வளைவு, மரம். வீட்டுக் கதவு லேசாகத் திறந்திருக்கிறது. அடுப்பில் கெட்டில் கூவிக்கொண்டிருக்கிறது. அந்த அம்மா தரையில் கிடக்கிறார்.

அந்தப் பெயரைச் சொல்ல எத்தனை விநாடி ஆகும்? இந்தக் காட்சி வந்தாலே என் மனைவி எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவாள். திரும்பி வந்து, "செத்துட்டாங்களா?" என்று மட்டும் கேட்பாள்.

கஷ்டம் என்னவென்றால் இதைச் சரிசெய்வது பெரிய வேலையே இல்லை. அந்த அம்மா பேசும்போது கொலைகாரன் அதே அறையில் விருந்தாளியாக உட்கார்ந்திருக்கலாம். அல்லது, பெயரைச் சொல்ல அவர் பணம் எதிர்பார்க்கலாம். இல்லையென்றால் அவர் கூப்பிட்ட நேரத்தில் இன்ஸ்பெக்டர் மகனின் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் முன்னால் உட்கார்ந்திருந்து போனை எடுக்காமல் விட்டிருக்கலாம். எழுதுகிறவர் கூடுதலாக ஒரு வாக்கியம் யோசித்தால் போதும். யோசிக்கவில்லை என்றால், நாமும் யோசிக்க மாட்டோம் என்று நினைத்துவிட்டார் என்று அர்த்தம். அங்கேதான் எரிச்சல் வருகிறது.

அப்படியென்றால் பாத்திரங்கள் எதையும் மறைக்கவே கூடாதா?

தாராளமாக மறைக்கலாம். (இங்கே 'தி கில்லிங்' முதல் சீசனின் ஒரு முடிச்சு அவிழ்கிறது. கொலையாளி யார் என்பதைச் சொல்லவில்லை.) அந்தக் கதையில் மேயர் தேர்தலில் நிற்கும் ஹார்ட்மன் மீது சந்தேகம் விழுகிறது. கொலை நடந்த வார இறுதியில் எங்கே இருந்தார் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார். பதவி போகும், சிறைக்குப் போக வேண்டி வரும், அப்போதும் வாயைத் திறப்பதில்லை. ரொம்ப இழுக்கிறார்களே என்றுதான் நானும் முனகினேன். கடைசியில் தெரிகிறது: இறந்துபோன மனைவியின் நினைவு தாங்காமல் தன் உயிரை மாய்த்துக்கொள்ளத் தனியாகப் போயிருக்கிறார். வாக்குக் கேட்டு நிற்கிற ஒருவர் இதைச் சொல்வாரா? மறைத்ததற்கான காரணம் அந்த ஆளுக்குள் இருந்து வருகிறது. அது தெரிந்த பிறகு திரும்பிப் பார்த்தால் முந்தைய காட்சிகள் எல்லாம் வேறு மாதிரி தெரிகின்றன.

மோசமான தொடரில் மறைப்பதற்கான காரணம் ஆளுக்குள் இருக்காது. இன்னும் நான்கு எபிசோட் ஓட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

ஏன் யாருமே வீட்டுக்குள் போனதும் லைட்டைப் போடுவதில்லை?

தெரியவில்லை. சுவிட்ச் கதவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சாரா லுண்டும் இதில் யோக்கியம் இல்லை; டார்ச்சை அடித்துக்கொண்டு தனியாக இருட்டுக் கிடங்குக்குள் போவது அந்த அம்மாவுக்கு வாடிக்கை. எனக்குப் பிடித்த தொடர் என்பதால் அதை மட்டும் மன்னித்துவிட்டேன்.

நிஜப் போலீஸ் நடைமுறையோடு ஒத்துப்போகவில்லை என்பதற்கெல்லாம் கோபப்படலாமா? கதைதானே?

டிஎன்ஏ முடிவு மத்தியானத்துக்குள் வந்துவிடுவது, பிணவறையில் நின்று டாக்டர் சாண்ட்விச் தின்பது, இதற்கெல்லாம் நான் கோபப்படுவதில்லை. கதையின் அஸ்திவாரமே பொய்யாக இருந்தால்தான் பிரச்சினை.

'கிராஸிங் லைன்ஸ்' என்று 2013இல் ஒன்று வந்தது. பல நாட்டுப் போலீஸ்காரர்கள் சேர்ந்து, நெதர்லாந்தின் ஹேக் நகரில் உள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் கீழ் ஒரு குழுவாக ஐரோப்பா முழுக்கத் தொடர் கொலைகாரர்களைத் துரத்துவார்கள். டொனால்ட் சதர்லாண்ட் மாதிரி பெரிய நடிகர் இருந்தார். ஆனால் அந்த நீதிமன்றம் 2002இல் செயல்படத் தொடங்கியது இனப்படுகொலை, மனிதகுலத்துக்கு எதிரான குற்றம், போர்க்குற்றம் போன்றவற்றை விசாரிப்பதற்கு. பூங்காவில் பெண்களைக் கொல்கிறவனைப் பிடிப்பது அதன் வேலையே இல்லை. சரி, ஐரோப்பிய ஒன்றியத்தின் போலீஸ் அமைப்பான யூரோபோல் என்று வைத்திருக்கலாமே என்றால், அதே ஹேகில் இருக்கும் யூரோபோல் அதிகாரிகளுக்கும் ஒருவரைக் கைது செய்யும் அதிகாரம் கிடையாது. தகவல் திரட்டிக் கொடுப்பார்கள். விலங்கு மாட்டுவது அந்தந்த நாட்டுப் போலீஸ்தான். இந்தத் தடை எவ்வளவு நல்ல கதைக்கரு! எல்லாம் தெரிந்தும் கைவைக்க முடியாமல், பக்கத்து நாட்டு அதிகாரியின் கையெழுத்துக்காகக் காத்திருக்கும் ஒரு துப்பறிவாளர். அதை விட்டுவிட்டு ஹெலிகாப்டர் எடுத்தார்கள்.

சட்டம் கதைக்குத் தொல்லை என்று இவர்கள் நினைக்கிறார்கள். கதையை இழுத்துச் செல்வதே பல நேரம் அதுதான். இங்கிலாந்தில் குற்றச்சாட்டுப் பதியாமல் ஒருவரை 24 மணி நேரம்தான் வைத்திருக்கலாம். கடுமையான குற்றம் என்றால் மேலதிகாரியிடமும், பிறகு மாஜிஸ்திரேட்டிடமும் அனுமதி வாங்கி அதிகபட்சம் 96 மணி வரை நீட்டிக்கலாம். எழுதத் தெரிந்தவருக்கு அந்தக் கடிகாரம் ஒன்று போதும், குண்டுவெடிப்பே வேண்டாம். பிரான்ஸின் 'ஸ்பைரல்' 2005 முதல் 2020 வரை எட்டு சீசன் ஓடியது. அதில் போலீஸ் கேப்டன், விசாரணை நீதிபதி, வக்கீல்கள் ஆகியோர் ஒருவர் காலை ஒருவர் வாரிக்கொண்டிருப்பதுதான் கதையே. விசாரணையை நடத்துவது நீதிபதி, போலீஸ் அவர் சொல்படி நடக்க வேண்டும் என்கிற பிரெஞ்சு ஏற்பாடு நமக்குப் புதிது. பார்க்கப் பார்க்கப் பிடிபடும்.

இத்தனூண்டு ஊரில் இத்தனை கொலையா? இதை ஏன் நீங்கள் திட்டுவதில்லை?

அது விளையாட்டின் விதி. சீட்டு ஆடும்போது ராணி ஏன் ராஜாவுக்குக் கீழே என்று கேட்பதில்லையே. ஒரு கோடிச் சொச்சம் மக்கள் உள்ள ஸ்வீடனில் சமீப ஆண்டுகளில் கொலைகள் வருடத்துக்குச் சுமார் நூறையொட்டித்தான். 'வலாண்டர்' கதைகள் நடக்கும் யஸ்டாட் என்ற ஒரு ஊரிலேயே திரையில் அதற்குப் பக்கமாகச் செத்திருப்பார்கள். சுமார் 23,000 பேர் வாழும் ஸ்காட்லாந்தின் ஷெட்லாண்ட் தீவுகளிலும் அப்படியே. இங்கிலாந்தின் 'மிட்சோமர் மர்டர்ஸ்' 1997 முதல் ஓடுகிறது. அதில் ஒருவர் பாலாடைக்கட்டிச் சக்கரம் நசுக்கிச் செத்தார். துப்பறிகிற பார்னபி 2011இல் ஓய்வு பெற்றதும், அவருடைய ஒன்றுவிட்ட தம்பி பார்னபி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தான் கோமாளிக்கூத்து என்று அந்தத் தொடருக்கே தெரியும்.

சின்ன ஊர் என்பதையே சாமர்த்தியமாகப் பயன்படுத்தியது ஐஸ்லாந்தின் 'ட்ராப்டு'. அது வந்த 2015இல் மொத்த நாட்டுக்கும் சுமார் 3,30,000 பேர்தான். டென்மார்க்கில் இருந்து வரும் கப்பல் ஒரு கிழக்குக் கரைக் கிராமத்தில் நிற்கிறது, கடலில் தலையில்லாத உடல் கிடைக்கிறது. பனிப்புயலால் சாலை மூடிவிட்டது, தலைநகர் ரெய்க்யவிக்கில் இருந்து நிபுணர்கள் வர வழியில்லை. ஊர்ப் போலீஸ் மூன்றே பேர். இவர்கள் தடுமாறுகிறார்கள், தடயத்தைக் கோட்டை விடுகிறார்கள், ஆனாலும் நமக்குக் கோபம் வருவதில்லை. ஏன் தடுமாறுகிறார்கள் என்பதை முதல் எபிசோடிலேயே கண்ணில் காட்டிவிட்டார்கள்.

துப்பறிகிறவர்கள் எல்லாருக்கும் ஏன் விவாகரத்து, குடி, மனநோய் என்று ஏதாவது ஒன்று இருக்கிறது?

'தி பிரிட்ஜ்' ஜெயித்ததன் பக்கவிளைவு. 2011இல் வந்தது. டென்மார்க்கையும் ஸ்வீடனையும் இணைக்கும் ஓரெசுண்ட் பாலத்தில் சரியாக எல்லைக் கோட்டின் மேல் ஒரு பெண்ணின் உடல். இடுப்புக்கு மேலே ஒருத்தி, கீழே வேறொருத்தி. ஸ்வீடன் அதிகாரி சாகா நோரென் மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுவார், விதி என்றால் விதி. அவருக்கு என்ன என்று தொடரில் யாரும் பெயர் வைக்கவில்லை. (இரண்டாவது சீசனின் முடிவைச் சொல்லப் போகிறேன்.) தனக்கு இருக்கும் ஒரே நண்பர், டென்மார்க் போலீஸ் மார்ட்டின், ஒருவனைக் கொன்றிருக்கிறார் என்று தெரிந்ததும் சாகா அவரைப் பிடித்துக் கொடுத்துவிடுகிறார். அந்தக் குணம் ஆரம்பத்தில் நம்மைச் சிரிக்க வைத்தது. அதே குணம் கடைசியில் வயிற்றைப் பிசைகிறது. அது எழுத்து.

'தி பிரிட்ஜ்' எழுதிய அதே ஹான்ஸ் ரோசன்ஃபெல்ட் 2016இல் இங்கிலாந்துக்காக 'மார்செல்லா' எழுதினார். இதில் துப்பறிகிற அம்மாவுக்கு அவ்வப்போது நினைவு தப்பிவிடும். கணவரின் காதலி கொல்லப்பட்ட ராத்திரியில் தான் என்ன செய்தோம் என்பதே தெரியாது; தெரியாமலே அந்த வழக்கையும் விசாரிப்பார், தடயத்தையும் கலைப்பார். கதாசிரியருக்கு வேண்டியபோது மறதி வரும், வேண்டியபோது ஞாபகம் திரும்பும். குழாயைத் திறந்து மூடுகிற மாதிரி. நடித்த அனா ஃப்ரியல் உயிரைக் கொடுத்திருக்கிறார், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஒரே கைதான் இரண்டையும் எழுதியது என்பதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. 'தி ஃபால்' தொடரும் மூன்றாவது சீசனில் இதே கிணற்றில் விழுந்தது. அங்கே மறதி கொலைகாரனுக்கு.

'லைன் ஆஃப் டியூட்டி' முடிவு உண்மையிலேயே அவ்வளவு மோசமா?

(முழுசாகச் சொல்லப் போகிறேன். பார்க்காதவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.)

ஊழல் போலீஸைப் பிடிக்கும் போலீஸ் பற்றிய தொடர். பிபிசியில் 2012இல் தொடங்கி 2021 வரை ஆறு சீசன். விசாரணை மேஜையைச் சுற்றி உட்கார்ந்து இருபது நிமிடத்துக்கு மேல் வெறும் பேச்சிலேயே மூச்சை நிறுத்துவார்கள், அதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் வருடக்கணக்கில் 'ஹெச்' என்ற ஒரு மர்ம ஆளைத் தொங்கவிட்டார்கள். ஐந்தாவது சீசனில், முன்பே செத்துப்போன ஒருவர் சாகும்போது விரலால் தட்டியது மோர்ஸ் குறியீடு, நான்கு புள்ளி என்றால் ஹெச், ஆகவே ஆள் ஒருவர் இல்லை நான்கு பேர் என்று ஒரு விளக்கம். அன்றைக்கே மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு விழுந்துவிட்டது. 2021 மே மாதம் ஆறாவது சீசனின் கடைசி எபிசோடை பிரிட்டனில் சுமார் 1.28 கோடிப் பேர் பார்த்தார்கள். நான்காவது ஆள், எழுத்துப் பிழையோடு டைப் அடிக்கும் பக்கெல்ஸ் என்ற அசட்டு அதிகாரி.

மச்சான் இதற்கு வக்காலத்து வாங்குவார்: "ஊழல்னா பெரிய வில்லன் கிடையாது மாப்பிள்ளை, மேலிடம் கண்டுக்காம விட்ட சோம்பேறிதான்னு சொல்ல வர்றாங்க." கருத்து அருமை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதைச் சொல்வதாக இருந்தால் மோர்ஸ் குறியீடு எதற்கு? பல வருடம் சதுரங்கம் ஆடுவதாகக் காட்டிவிட்டு, எதிரே உட்கார்ந்திருந்தவனுக்கு ஆடவே தெரியாது என்றால், இத்தனை நாள் தோற்றுக்கொண்டிருந்த நம் ஆட்கள் யார்? மறுபடியும் அதே மக்குத்தனம்தான்.

ஏன் இப்படி எழுதுகிறார்கள்? திறமை இல்லையா?

பாதித் தப்பு பணத்தினுடையது. ஒரு நாட்டின் சேனலால் மட்டும் செலவைத் தாங்க முடியாது. மூன்று நாட்டுச் சேனல்களும் அங்கங்கே மாகாணத் திரைப்பட நிதிகளும் சேரும். காசு கொடுத்த ஊரில் கொஞ்ச நாளாவது படம்பிடிக்க வேண்டும், அந்த நாட்டு நடிகர் ஒருவராவது வர வேண்டும். நாலாவது எபிசோடில் துப்பறிகிறவர் காரணமில்லாமல் பெல்ஜியத்துக்குப் பறந்தால், துப்பு அங்கே இல்லை, துட்டு அங்கே இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் நீளம். ஜெர்மனியின் 'டாட்டோர்ட்' 1970 நவம்பரில் தொடங்கியது, இன்னும் ஓடுகிறது, 1,200 எபிசோடைத் தாண்டிவிட்டது. ஞாயிறு ராத்திரி 8:15க்கு ஆரம்பம், 90 நிமிடத்தில் கதை முடிந்துவிட வேண்டும். ஒவ்வொரு நகரத்துக்கும் தனித் துப்பறிவாளர்கள். இதில் குப்பையும் உண்டு, ஆனால் ஜவ்வுக்கு இடமில்லை. அதே 90 நிமிடச் சரக்கை இப்போது எட்டு எபிசோடாக நீட்டச் சொல்கிறார்கள். மாவு அதேதான், தண்ணீர்தான் கூடுதல். எப்படித் தோசை வரும்?

இன்னொரு பக்கம், எழுதுகிறவரை எங்கே வைக்கிறார்கள் என்பது. டென்மார்க் பொதுத் தொலைக்காட்சி அந்தக் காலத்தில் எழுத்தாளரை நடுவில் வைத்து மற்றவர்களைச் சுற்றி நிறுத்தியது. குற்றக் கதைக்கு அடியில் சமூகம் சார்ந்த இன்னொரு கேள்வியும் ஓட வேண்டும் என்பது அவர்களின் விதி. 'தி கில்லிங்' வந்தது அந்தச் சமையலறையில் இருந்து. ஒரே ஆள் எழுதினால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. 1974 முதல் 1998 வரை வந்த ஜெர்மன் 'டெரிக்' தொடரின் 281 எபிசோடையும் ஹெர்பர்ட் ரைனெக்கர் ஒருவரே எழுதினார். பிற்காலத்து டெரிக் கேஸைவிட உபதேசம்தான் அதிகம் செய்வார்.

உங்கள் கோபத்தில் பாதி சப்டைட்டில் மேல் போக வேண்டியதோ?

நியாயமான கேள்வி. ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் நம்மைப் போலவே நீ, நீங்கள் உண்டு. விசாரணையில் 'நீங்கள்' என்று பேசிக்கொண்டிருந்த அதிகாரி திடீரென்று 'நீ'க்கு இறங்கினால் அங்கே ஏதோ உடைந்திருக்கிறது. ஆங்கில சப்டைட்டிலில் இரண்டும் ஒன்றுதான். நமக்கு அந்த வித்தியாசம் காதில் விழுந்தே பழக்கம் என்பதால், இரண்டு சொல்லையும் தெரிந்துகொண்டு பார்த்தால் மந்தமாகத் தோன்றிய காட்சி உயிர்பெறும். 'தி பிரிட்ஜ்' தொடரில் ஆளுக்கு ஆள் தங்கள் மொழியிலேயே பேசுவார்கள், டேனிஷ்காரர் டேனிஷ், ஸ்வீடன்காரர் ஸ்வீடிஷ். மார்ட்டின் பேசுவது புரியாமல் ஸ்வீடன்காரர்கள் விழிப்பது ஒரு நகைச்சுவை. சப்டைட்டிலில் அதுவும் போய்விடுகிறது. ஆங்கில டப்பிங்கில் பார்க்கிறவர்களிடம் நான் பேசுவதில்லை.

நம்ம ஊர் சீரியல் மட்டும் ஒழுங்கா?

இல்லை. அடுத்த கேள்வி.

கொலைகாரன் யார் என்று மூன்றாவது எபிசோடிலேயே சொல்லிவிடுகிறீர்களே, எப்படி?

துப்பறிந்து எல்லாம் இல்லை. வேறு தொடரில் கதாநாயகனாக நடித்த ஒருவர் இதில் பக்கத்து வீட்டுக்காரராக வந்து காபி மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனால், அவர்தான். அவ்வளவு சம்பளம் கொடுத்து யாரும் காபி போட வைக்க மாட்டார்கள்.

பாதியில் நிறுத்தியது உண்டா?

ஒரே ஒருதரம். எட்டு எபிசோடில் ஆறு முடிந்திருந்தது. இன்ஸ்பெக்டரின் மேஜையில் முதல் எபிசோடில் இருந்தே ஒரு பென்டிரைவ் கிடந்தது. அதைக் கம்ப்யூட்டரில் செருகிப் பார்க்கலாமே என்று ஆறாவது எபிசோடில் ஒருவருக்குத் தோன்றியது. ரிமோட்டை வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டேன். என் மனைவி அடுத்த நாள் மத்தியானம் தனியாக உட்கார்ந்து மிச்சத்தைப் பார்த்துவிட்டாள். எப்படி இருந்தது என்றேன். "கடைசி பரவாயில்லை," என்றாள். யார் கொலை செய்தது என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறாள். மூன்று மாதமாகிறது, மூன்றுதரம் கேட்டுவிட்டேன். "போனில் வேண்டாம், நேரில் வாங்க," என்கிறாள்.